இடம் எண் நான்கு

தொடைவரை ஏறும் ரப்பர் பூட்ஸ், இருபத்தாறு ஜோடி.
ஒன்பதாம் அளவில் ஒன்று இடதுகாலில் ஒழுகும்.
அதை யார் தலையில் கட்டுவதென்று
ஒவ்வோர் அக்டோபரும் நான்தான் முடிவுசெய்கிறேன்.
ஆய்வகப் பணியாளனுக்குப் பல்கலைக்கழகம்
தந்திருக்கும் அதிகாரம் அவ்வளவு.

வேன் கிளம்புமுன் படிவம்.
ஆற்றால் நமக்கு நேரக்கூடிய ஆபத்து: நடுத்தரம்.
வழுக்கல். குளிர். எலிக் காய்ச்சல்.
எல்லோரும் கையெழுத்திடுகிறார்கள்,
முதுகை மேசையாக்கி, ஒருவர் மேல் ஒருவர்.

பாலத்தின் கீழே,
செம்மறிகள் இறங்கித் தண்ணீர் குடிக்கும் சரிவை ஒட்டி
இடம் எண் நான்கு.
வண்டி நிறுத்துமிடத்திலிருந்து நாற்பது அடி.
அதைத் தேர்ந்ததற்கு
வேறு அறிவியல் காரணம் கிடையாது.

பேராசிரியர் இத்ரிஸ் பெவன்
மழைக்கு மேலே குரலை ஏற்றுவார்:
அதோ அந்த மலையில் ஈயச் சுரங்கம்.
மூடி நூறாண்டாகிறது,
அது இன்னும் வேலைநேரம் முடிக்கவில்லை.
பிறகு, வெல்ஷில், 'அரா டெக்', மெதுவாக,
என்று ஒவ்வொருவரையும் நீரில் இறக்குவார்.
வலையைப் பின்னால் பிடி.
காலால் கல்லைக் கிளறு.
மூன்று நிமிடம்.

ஆறு கொஞ்ச நேரம் தேநீராகும்.
வெள்ளைத் தட்டில் ஊற்றி
மூவால் பூச்சிகளின் குஞ்சுகளை எண்ணுவார்கள்.
நான்கு. மூன்று. சுழியம். ஐந்து.
எண்கள் போய்ச் சேர்வது
எங்கள் நடைக்கூடச் சுவரில் ஒரு கோட்டில்.
இருபத்திரண்டு ஆண்டாக இறங்கும் கோடு.
அதைப் பிடித்துக்கொண்டு
இரண்டு பேர் முனைவராகிவிட்டார்கள்,
கார்டிஃபில் உள்ள அலுவலகத்துக்குக்
கோபமாக ஒரு கடிதமும் போயிருக்கிறது.

நெஸ்டா புரொத்தெரோவுக்கு
அன்று கூட்டத்தில் நிற்க இடமில்லை.
முட்புதரைச் சுற்றி, ஆல்டர் வேர்களைப் பிடித்து,
பதினைந்து அடி மேலே போய் இறங்கினாள்.
அவள் தாளில்: அறுபத்தொன்று.
'திரும்ப எண்ணு' என்றார் பெவன்.
எண்ணினாள். அறுபத்துமூன்று.
இரண்டு இலைக்கடியில் இருந்தனவாம்.

ஈயம் இங்கேயும் அதே அளவு, அங்கேயும் அதே அளவு.

திரும்பும் வழியில்
வேனின் பின்னிருக்கையிலிருந்து, யாரையும் பார்க்காமல் கேட்டாள்:
'நம்மைத் தவிர அந்த இடத்தில்
வேறு யார் இறங்குகிறார்கள்?'
கண்ணாடி துடைப்பான்
இல்லை, இல்லை என்று ஆடிக்கொண்டிருந்தது.

பூட்ஸ் பேரேடு என்னிடம்தான் இருக்கிறது.
யார் எடுத்தார், என்ன அளவு, காயவைத்தாரா.
அன்றிரவு அதன் பின்னட்டையில் கூட்டினேன்:
ஆண்டுக்கு இருமுறை, இருபத்திரண்டு ஆண்டு,
ஆயிரத்து நூற்று நாற்பத்துநான்கு ஜோடி.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
ஐம்பத்தேழு மணி நேரம்
ஒரே படுகையை மிதித்திருக்கிறோம்,
மிகுந்த அக்கறையோடு.

பெவன் பேரேட்டை நின்றபடியே படித்தார்.
என் கையெழுத்து மோசம் என்பதால் நேரமாயிற்று என்று
நினைத்துக்கொண்டேன்.
'கெத்தின், இதற்கு ஒரு நகல் வேண்டும்' என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.
சுவரிலிருந்த கோடு கழற்றப்படவில்லை.
அதன் மேல் இன்னொரு கோடு வந்தது, ஏறும் கோடு,
கீழே சின்ன எழுத்தில்: பூட்ஸ்.

இந்த அக்டோபர்
யாரையும் கேட்காமல் படிவத்தில் ஒரு வரி சேர்த்தேன்.
நம்மால் ஆற்றுக்கு நேரக்கூடிய ஆபத்து:
பக்கத்தில் வெற்றிடம்.

வேன் உறுமிக்கொண்டிருக்கிறது.
வரிசை நகரவில்லை.
முன்னால் நிற்கும் பையன்
பேனா மூடியைக் கடித்தபடி
இன்னும் எதையும் எழுதவில்லை.
அவன் கால் ஒன்பதாம் அளவு.
ஒழுகாத ஜோடியைத் தேடி எடுத்து வைக்கிறேன்.