ஒட்டு

இட்ரியாவில் சுரங்கத்தை மூடி வருடங்களாயிற்று.
பாதரசம் இன்னும் ஆற்றுக்குப் போய்க்கொண்டிருக்கிறது,
அதனிடம் யாரும் சொல்லவில்லை போல.

யெரிட்சா லபாய்னெ
ஒரு கிராம் வெள்ளைப் பொடியைத் தாளில் கொட்டினாள்.
பீங்கான் சாதிதான்; உள்ளே அத்தனையும் துளை.
துளைச் சுவர்களைப் பிரித்து விரித்தால்
பள்ளிக்கூட மைதானம் போதாது.
அந்தச் சுவரெங்கும்
கந்தக வால் வைத்த மூலக்கூறுகளை நட வேண்டும்,
தலை பீங்கானில், வால் வெளியில்.

முதல் முறை தண்ணீர் கூடிவிட்டது.
ஒன்றையொன்று கட்டிக்கொண்டன எல்லாம்,
சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
குடுவையின் அடியில் பசைக்கட்டி.
எலும்பு வரை உலர்த்திய இரண்டாம் முறை
இங்கொன்றும் அங்கொன்றுமாய் ஒட்டின.
ஈரம் வேண்டும்,
சுவர் வியர்க்கும் அளவு,
வியர்வை வழியாத அளவு.
அந்த அளவுக்கு ஒரு குளிர்காலம் போனது.

டொலுயீனில் இரவெல்லாம் கொதித்தது.
காலைப் பேருந்தில்
அழுகிய பூண்டா என்று முகம் சுளித்து
பக்கத்து ஆள் வேறு இருக்கைக்கு மாறினார்.
கோட்டை இழுத்து மூடிக்கொண்டாள்.
கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

ஏப்ரலில் ஆற்று நீரை அதன் வழியே விட்டாள்.
நீர் போனது.
பாதரசம் நின்றுவிட்டது.

கையில் நிற்காது, தரையில் நிற்காது,
உருண்டு ஓடுவதே அதன் குணம் என்பார்கள்.
மலைக்குள் அது கந்தகத்தோடுதான் இருந்தது,
செக்கச் செவேலென்று, அசையாமல்.
வறுத்துப் பிரித்தது இந்த ஊர்.

எண்களை இரண்டு தரம் சரிபார்த்தாள்.
மிச்சப் பொடி அரை கிராம்.
சன்னலுக்கு வெளியே ஆறு,
முழுசாக.