மூன்று சென்ரிமீற்றர்

பின்னந்தலையில், உச்சிக்குச் சற்றுக் கீழே
பென்சில் தடிப்பில் ஒரு கற்றை.
பேர்ணில் அந்தப் பெண் அதை நூலால் கட்டித்
தோலோடு ஒட்ட வெட்டினாள்.
வேர் எந்தப் பக்கம் என்று
வெள்ளித்தாளில் ஓர் அம்புக்குறி போட்டாள்.
ஆரூரன் என்னைப் பார்க்கவில்லை.
சுவரில் ஒரு மாட்டின் படம் இருந்தது,
அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் வளருமாம்.
மூன்று சென்ரிமீற்றர் என்றால் மூன்று மாதம்.
அவன் வாயால் சொன்னதை எழுதிக்கொண்டார்கள்,
பிறகு தலையிடம் கேட்டார்கள்.

பிடிபட்டது ஞாயிறு இரவு.
புகைத்தது வெள்ளி,
யானிக் வீட்டுப் பல்கனியில், இரண்டு இழுவை.
இது அவன் கணக்கு.
இரண்டோ இருபதோ, எனக்குத் தெரியாது.
எமே ஆற்றுப் பாலத்தடியில் மறித்துக்
கண்ணுக்குள் டோர்ச் அடித்தார்களாம்.
முதலில் எச்சில், பிறகு இரத்தம்.
ஏழு மாதம்கூடப் பழகாத லைசன்ஸ்
அங்கேயே அவர்களின் பைக்குள் போனது.
பத்தொன்பது வயது.

அந்த நேரம் நான்
ஹோட்டலின் பின்கதவில் நின்றேன்,
மேலெல்லாம் வெங்காய மணம்,
கடைசி பஸ் போய் அரை மணித்தியாலம்.
என்னை ஏற்றத்தான் வந்துகொண்டிருந்தான்.
அதை எழுத
அவர்களின் படிவத்தில் பெட்டி இல்லை.

அன்று விடிய நான் கத்தினேன்:
"ஒரு மயிருக்கும் உதவாதவன்!"
பக்கத்து வீட்டு ஃபிராவ் எக்லி ஜன்னலைச் சாத்தினாள்.
பாஷை விளங்காவிட்டாலும்
சத்தம் விளங்கும்.
இன்று அவனுக்கு உதவக்கூடியது
அது ஒன்றுதான்.

விமலா நேர்த்தி வைத்திருந்தாள்,
லைசன்ஸ் திரும்பினால்
தேரன்று பிள்ளைக்கு மொட்டை.
பதிவுத் தபாலின் இரண்டாம் பக்கத்தில்
தடித்த எழுத்தில் இருந்தது:
அடுத்த பரிசோதனை வரைக்கும்
முடியை வெட்டக் கூடாது, சாயம் போடக் கூடாது.
"முருகனுக்கும் வேணும், கந்தோருக்கும் வேணும்,
பெடியனிட்டை ஒரு தலைதானே இருக்கு"
என்று மூத்தவள் சேந்தினி சிரித்தாள்.
விமலா சிரிக்கவில்லை.
சாமித்தட்டின் முன்னால் போய்
தவணை கேட்டாள்.
அங்கேயிருந்து பதில் கடிதம் வருவதில்லை.
கந்தோரிலிருந்து வந்தது:
ஆயிரத்து நானூற்றி இருபது பிராங்,
முப்பது நாளுக்குள்.

முதல் இரண்டு கிழமையும் தனியாக நடந்தேன்.
வீட்டுக்கு ஐம்பது நிமிடம்.
உறைபனியில் ஐம்பத்தெட்டு.
மூன்றாம் கிழமை, ஒரு செவ்வாய்,
குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில்
சேந்தினியின் சைக்கிளோடு நின்றான்.
"ஏறுங்கோ" என்றான்.
பின்சீற்றில் நானா?
நான் ஏறவில்லை. அவனும் ஏறவில்லை.
நடுவில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தோம்.

காரில் ஏழு மாதம்
பாட்டுத்தான் பேசியது.
இப்போது சில்லு டிக் டிக் என்கிறது,
அதற்குமேல் ஏதாவது சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.
"அப்பா, நீங்கள் ஏன் லைசன்ஸ் எடுக்கேல்லை?"
"மூண்டு தரம் பெயில்.
எல்லாக் கேள்வியும் டொச்சில.
நாலாம் தரத்துக்குச் சேர்த்த காசில
உனக்குத் தொட்டில் வாங்கினது."
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
ஆளில்லாத தெருவில்
ஒருமுறை மணி அடித்தான்.

பாலத்தடியில் பாதை ஒடுங்கும்.
அவன் முன்னால் போனான்.
தெருவிளக்கு அவன் பின்னந்தலையில் விழுந்தது.
வெட்டின இடம், ஐம்பது சத நாணயமளவு,
அதற்குள் கறுப்பாக முளை விட்டிருந்தது.
தொட்டுப் பார்க்கக் கை எழும்பியது.
சைக்கிளின் பின்சீற்றைப் பிடித்துக்கொண்டேன்,
தள்ள உதவுகிறவன் மாதிரி.