பொழிமுகம்

மெய்யெழுத்துக்குப் பஞ்சம் வந்ததுபோல்
உயிர் உயிராய் இழுபடும் பெயர் அந்தத் தீவுக்கு.
சொல்லிக்காட்டினால் ஜெசிந்தா சிரிக்கிறாள்:
"கொட்டாவி விடாம ஊர்ப்பேரைச் சொல்லும்."

கப்பலில் ஜெனரேட்டர் கருகியது.
உதிரிபாகம் விமானத்தில் வந்து சேரும்வரை
எஞ்சின் அறைக்காரர்களுக்கு ஒருநாள் சீட்டு.
அதில் முத்திரை: பயணி.
இருபத்தாறு வருடம் கடலில் கிடந்தவனை
முதன்முதலாக ஒரு காகிதம் அப்படி அழைத்தது.
கிரீஸ் படாத சட்டை ஒன்று இருந்தது,
அதைப் போட்டுக்கொண்டேன்.

இறங்கியதும் கழுத்துக்குப் பூமாலை நீட்டினார்கள்.
கல்யாணத்தன்று ஒன்று விழுந்தது;
அடுத்தது பெட்டியில் படுக்கும்போதுதான் என்றிருந்தேன்.
தலை குனியத் தோன்றாமல்
கம்பம்போல் நின்றேன். எக்கிப் போட்டார்கள்.

உடன் வந்தவர்கள் நீலத்தைப் படம் பிடித்தார்கள்.
மயில்கழுத்து நீலம், துத்தநாக நீலம்,
சொட்டுநீலம் கூடிப்போன வேட்டியின் நீலம்.
எனக்கோ கரையில் இருந்ததெல்லாம்
கொல்லங்கோட்டுச் சாமான்:
தென்னை, தாழை, சேம்பு, செம்பருத்தி,
கனலில் சுட்ட கடச்சக்க.
பாதி உலகம் சுற்றிப்போய்
சொந்த வீட்டுப் பின்வாசலில் இறங்கியதுபோல்.
வள்ளம் மட்டும் வேறு.
இடுப்பில் பிள்ளை வைத்தவள் மாதிரி
ஒருபக்கம் கட்டையை அணைத்து மிதந்தது.

கூட்டிப்போய்க் காட்டியவள் பெயர் வைமிதி.
வை, மிதி:
நம்மூரில் இரண்டும் கட்டளை.
அங்கே வை என்றால் நல்ல தண்ணீராம்,
மிதி என்றால் உப்புத் தண்ணீராம்.
"அப்படின்னா நீ பொழி" என்றேன்.
ஆறும் கடலும் முட்டிக்கொள்ளும் இடத்தைக்
கையால் காட்டினேன்.
சொல்லிப் பார்த்தாள். பொரி என்று வந்தது.

மூன்று மாதம் கழித்துத்
திருவனந்தபுரத்தில் இறங்கிப் பஸ் பிடித்தேன்.
களியக்காவிளைச் சாவடியில் பையைக் கிளறிய போலீஸ்காரர்
சங்குமாலையைத் தூக்கிப் பார்த்து,
"கன்னியாகுமரியில வாங்கினதா?" என்றார்.
பொழியூர் மச்சான் ரெய்மண்ட்
போனைக் கண்ணருகே பிடித்து,
"இது வர்க்கலையில்லா?" என்றான்.
ஜெசிந்தா படத்தை விரலால் விரித்து விரித்துக்
கடலை ஒதுக்கி, மலையை ஒதுக்கி,
ஓரத்தில் கொடியில் காய்ந்த துணியில் வந்து நின்றாள்.
"கிளிப்பு கூட நம்ம கிளிப்பு.
யாரை ஏமாத்துறீரு?"

சாட்சிக்கு ஒன்றும் மிச்சமில்லை.
அவள் ஒரு கேள்வி கேட்டாள் என்றேன்.
படகுத்துறையில், மற்றவர்கள் ஏறிய பிறகு.
"என்ன கேட்டா?"
உன் வீட்டிலிருந்து கடல் எத்தனை அடி?

ஜெசிந்தா போனைக் கவிழ்த்து வைத்தாள்.
வெளியே நீரோடிக் கரையில்
கல் கொட்ட வந்த லாரி
பின்னோக்கி நகரும் பீப் பீப்.
எல்லைக்கு அந்தப்பக்கம் கொட்டினால்
இந்தப்பக்கம் அரிக்கும் என்பார்கள்,
இந்தப்பக்கம் கொட்டினால் அந்தப்பக்கம்.
ரெண்டு பாஷையிலும் மனு போகிறது.
எங்கள் பின்சுவர் போன ஆடியில் போனது.
கிணறு இப்போது அலைக்குள்,
கழற்றி வைத்த வளையல் மாதிரி.

"நீரு என்ன சொன்னீரு?"
"நாப்பதுன்னேன்."
"பதினெட்டுல்லா."
"பதினெட்டுதான்."
கடச்சக்கயின் பால் பிசுக்கு ஒட்டிய கத்தியை
முந்தானையில் துடைத்தாள், மறுபடி துடைத்தாள்.
"அவ வீட்டுக்கு?"
"அறுபதுன்னா."
"சொல்லும்போது அவ முகத்தைப் பாத்தீரா?"

பார்க்கவில்லை.
புறப்படுகிறவர்களுக்குப் போடும் சங்குமாலை அது.
அந்தத் தடவை
தலை குனிந்திருந்தேன்.

"சரி" என்றாள் ஜெசிந்தா.
"போய்த்தான் வந்திருக்கீரு."