புள்ளிக்குப் பின்னால்

பதினான்கு புள்ளி ஒன்பதிலிருந்து
பதினான்கு புள்ளி பத்துக்கு.
பள்ளிக்கூடக் கணக்கில் இது இறங்குமுகம்.
இங்கே ஏறுமுகம் என்றாள் நெஸ்தான்.
சின்னப் படிதான்.
அதனால்தான் முதலில் படி.

குடாய்சி ரத்த வங்கியில் எனக்கு இரவுப் பணி.
சர்வரைப் பற்றித் தெரிந்தது
குளிர்பெட்டியைப் பற்றித் தெரிந்ததைவிடக் குறைவு:
நான்கு டிகிரி, கதவைத் திறந்து போடாதே.

மூன்று வாரம் அவள் அதன்மேல் கை வைக்கவே இல்லை.
வெளியீட்டுக் குறிப்பை
மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளைப்போல
பொடி எழுத்துவரை வாசித்தாள்.
முந்தைய நாள் பேக்கப்பை
மூலையில் கிடந்த பழைய கணினியில் அவிழ்த்துக் கொட்டினாள்.
கட்டிய மூட்டையைக் காட்டி
உள்ளே எல்லாம் இருக்கிறது என்று
யார் வேண்டுமானாலும் சொல்லலாமாம்.

அந்த ஒத்திகையில்தான்
ஜுஜுனா லொமினாட்ஸே காணாமல் போனாள்.
ஓ நெகட்டிவ். ஆறு முறை ரத்தம் கொடுத்தவள்.
பெயரைத் தட்டினால், அப்படி யாருமில்லை.
பட்டியலைத் தலையிலிருந்து தள்ளிக்கொண்டே போனால்
அங்கேயேதான் இருக்கிறாள்,
முகவரியோடு, தொலைபேசி எண்ணோடு.

புதிய பதிப்பின்மேல் குற்றமில்லை.
அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்த
இயங்குதளத்தின் நூலகம் ஒன்று
எங்கள் எழுத்துகளை வேறு மாதிரி அடுக்கியிருந்தது.
அகரவரிசை ஓரங்குலம் நகர்ந்தது தெரியாத அட்டவணை
பழைய இடத்தில் போய்த் தேடிவிட்டு
ஆள் இல்லை என்று சாதித்தது.
தினமும் ரியோனிப் பாலம் கடந்து
பேருந்துக்கு நடக்கிற ஒருத்தி
இரண்டு எழுத்துகளுக்கு நடுவே விழுந்துவிட்டாள்.

நெஸ்தான் யாரையும் திட்டவில்லை.
நூலகத்தை இருந்த இடத்திலேயே பூட்டிவைத்தாள்.
அதற்கு வேறோர் இரவு,
அட்டவணைகளை மறுபடி கட்ட நேரமிருக்கும் இரவு.

ஞாயிறு, விடியற்காலை மூன்று பத்து.
துணை சர்வர் முதலில்.
அது எழுந்து உட்கார்ந்து
முதன்மையானது சொல்வதையெல்லாம்
ஒரு சொல் பிந்தாமல் திருப்பிச் சொல்லும்வரை
காபியைத் தொடவில்லை.
பிறகு என் பக்கம் திரும்பி:
"ஜும்பேர், காகிதம்."

என் பங்கு அவ்வளவுதான்.
ஊதா அட்டைப் பதிவேடு, இரண்டு பேனா,
ஒன்று மக்கர் பண்ணினால் மற்றொன்று.
திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது.
இருபதாவது விநாடியில்
பிரசவ வார்டிலிருந்து தொலைபேசி.
இரண்டு பை. ஓ நெகட்டிவ்.
எழுதினேன், எனக்கே பிடிபடாத கையெழுத்தில்.
எழுதிவிட்டு எழுந்து நடந்தேன்.
குளிர்பெட்டிக்கு எந்தப் பதிப்பும் ஒன்றுதான்.

திரும்பி வந்தபோது வட்டம் நின்றிருந்தது.
முப்பத்தெட்டு விநாடி என்றாள்.
நீ யார் என்று சர்வரைக் கேட்டாள்,
பத்து என்றது.
அதன் வாய்ச்சொல்லை நம்பாமல்
லொமினாட்ஸே என்று தட்டினாள்.
வந்தாள், முகவரியோடு.

இரண்டு பையையும் திரையில் ஏற்றினேன்.
பதிவேட்டின் முதல் பக்கத்தில் அந்த ஒற்றை வரி,
கீழே கோடு கிழித்துத் தேதி போட்டாள் நெஸ்தான்.
மிச்சப் பக்கம் வெள்ளையாய் இருக்கிறது,
பதினொன்று வரட்டும்.