திரு. பெனிட்டா

புக்கு கிடையாது, ரோட்டுல எடுத்தா பிடிச்சிருவாய்ங்க
என்று சொல்லித்தான் விற்றான் மேலூர்க்காரன்.
நாலாயிரத்து ஐநூறு.
கிக்கர் இல்லாததற்கு இருநூறு குறைத்தான்.
குட்டியானையில், காலித் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே
ஒருச்சாய்த்துப் படுத்துக்கொண்டு
வீடு வந்தது.

கப்பலூர் டோல்கேட்டில் மூன்றாவது கூண்டு என்னுடையது.
லாரி, ஆம்னி பஸ், கோழி வண்டி, கல்யாண வேன்
எல்லாம் நின்று போகும்.
டூவீலருக்குக் காசில்லை.
ஓர வழியில்
தலைகூடத் திருப்பாமல் போகும்.
ஏழு வருசமாக அதைத்தான் பார்க்கிறேன்.
வேறு காரணம் கேட்காதீர்கள்.

என்ஜினை இறக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாயிருந்தது.
ஏற்ற ஒன்பது மாதம்.

பிஸ்டன் இறுகிக் கிடந்தது.
டீசல் ஊற்றி மூன்று நாள்,
மண்ணெண்ணெய் ஊற்றி நாலு நாள்,
கடைசியில் துடைத்தெடுத்து
இட்லிச் சட்டிக்குப் பக்கத்து அடுப்பில் வைத்துச் சுட்டேன்.
விட்டுக்கொடுத்தது.
அம்மா இரண்டு நாள் பேசவில்லை.
ஒரு போல்ட்டை அரைமணி நேரம்
கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருந்தேன்.
அதன் தலை முறிந்து கையோடு வந்தது.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

பழங்காநத்தம் லேத்தில் தனபாண்டி
சிலிண்டருக்குள் விரலை விட்டுச் சுழற்றினார்.
"அண்ணன் வண்டியா?"
இல்லை.
"வீட்டுக்காரரா?"
இல்லை.
"அப்ப யாருதுத்தா?"
பில்லில் பேர் எழுதுங்கண்ணே என்றேன்.
அச்சடித்த எழுத்தை அடிக்க மனசில்லாமல்
அதன் பக்கத்திலேயே எழுதினார்:
திரு. பெனிட்டா. போர் அடித்த வகையில் ரூ. 650.

டேங்க்கைத் தேய்த்தேன்.
பச்சைக்கு அடியில் நீலம்.
நீலத்துக்கு அடியில் வெள்ளை.
வெள்ளையில், கையால் எழுதின 27.
முன்னால் இதில் ரேஸ் ஓட்டினவன் எவனோ
இடப்பக்கமாகவே விழுந்திருக்கிறான், ஒவ்வொரு தடவையும்.
நெளிசல் எல்லாம் அந்தப் பக்கம்தான்.
உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டேன்.
நெளிசலை எடுக்கவில்லை. எண்ணையும்.

எல்லாம் பூட்டி முடித்தபோது தட்டில்
ஒரு ஸ்க்ரூவும் இரண்டு வாஷரும் மிச்சம்.

ஓட்டுவதற்குக் கண்மாய்தான் மனசில் இருந்தது.
மூன்று வருசமாகத் தண்ணீர் ஏறாத கண்மாய்.
வெடித்த களிமண், சீமைக்கருவேல்,
ஆடு போய்ப்போய் விழுந்த தடம்,
புக்கு கேட்க ஆளில்லாத வெளி.
மடையிலிருந்து நடந்து அளந்து
எங்கே இரண்டாவது கியர், எங்கே மூன்றாவது என்று
குச்சி ஊன்றி வைத்திருந்தேன்.

ஐப்பசி பதினேழு.
இருபத்து மூன்றாவது உதையில் இருமியது.
நாற்பதை நெருங்கும்போது, எண்ணிக்கை தவறிவிட்டது,
பிடித்துக்கொண்டு
தெரு முழுக்க நீலப் புகையாகப் பேசியது.
எதிர்வீட்டு நாய் எழுந்து போய்விட்டது.
எனக்குக் கணுக்காலில் ரத்தம்.

அன்று ராத்திரி பிடித்த மழை
ஐந்து நாள் விடவில்லை.

மறுகால் பாயுதுன்னு ஊரே ஓடியது.
மடைக் கருப்பனுக்குக் கிடாய் வெட்டினார்கள்.
கரையில் நின்றவர்களுக்கு நடுவே
நானும் கை கூப்பினேன்.
தண்ணீருக்குத்தான். பொய்யில்லை.
ஆனால் கண்
மூன்றாவது குச்சி நின்ற இடத்தில்
ஒரு நீர்க்காகம் முங்கி முங்கி எழுவதையே பார்த்தது.

இப்போது ஷிப்ட் முடிந்து வந்து
தினமும் ஐந்து நிமிடம் ஸ்டாண்டில் போட்டு உதைக்கிறேன்.
பின்சக்கரம் காற்றில் சுற்றுகிறது.
அம்மா கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

மிச்சமிருந்த ஸ்க்ரூ எதற்கென்று நேற்றுத் தெரிந்தது:
செயின் கவருக்கு.
ஒரு வாஷரும் இடம் சேர்ந்துவிட்டது.
இன்னொன்று பாக்கி.

தண்ணீர் வற்றச் சித்திரை ஆகும்.
நேரம் இருக்கிறது.