சோதனை ஓட்டம்

நாற்பது டன் இரும்பைத்
தரையிலிருந்து தூக்கித் தரையில் வைப்பது என் வேலை.
யேசெனிட்சே ஆலையில், கண்ணாடிக் கூண்டில்,
இரண்டு விரலால்.
எடை பற்றி என்னிடம் யாரும் பேச வேண்டாம்.

கோராஸ்ட் தார்ப்பாயை விலக்கினான்.
உடுப்பு ஏதுமில்லாத வண்டி.
குழாய் குழாயாக, போல்ட் போல்ட்டாக,
மறைக்க ஒன்றுமில்லை என்று நின்றது.
ரேடியேட்டரில் போன கோடையின் வண்டுகள்கூட
அப்படியே.
"நூற்று எண்பத்து நான்கு கிலோ," என்றான்.
"இடை எடை."
எடை முழுதும் இடையில்.
அதை நானே பார்த்துக்கொண்டேன்.

"ஏன் விற்கிறாய்?"
ஜன்னலைப் பார்த்தான். அங்கே லிடியா,
வயிற்றின் மேல் தட்டை வைத்து
பிளம்ஸ் தின்றுகொண்டிருந்தாள்.
"வீட்டுக்கு இரட்டை வருகிறது,
இந்த இரட்டை போகட்டும்."
சிலிண்டரைத்தான் சொன்னான்.
சிரித்தான். பாதிச் சிரிப்பு.

கார் சாவியை அவனிடம் அடகு வைத்தேன்.

முன்பு என்னிடம் ஆயிரம் சிசி இருந்தது.
கவசம், கண்ணாடி, காதுவரை பிளாஸ்டிக்.
மணிக்கட்டு விண்ணென்று தெறிக்க
ஐந்து வருடம் அதன்மேல் குப்புறக் கிடந்தேன்.
அதன் மூன்றாம் கியரின் முடிவு
எப்படியிருக்கும் என்று இன்றுவரை தெரியாது.
ஏழு அறை வீட்டை வாடகைக்கு எடுத்து
சமையலறையிலேயே படுத்துக் கிடந்தவள் நான்.

இதில் நிமிர்ந்து உட்காரலாம்,
சந்தைக்கு சைக்கிளில் போகிறவள் போல.
பொத்தானை அழுத்தினேன்.
குறில் நெடில். குறில் குறில் நெடில்.
சீர் பிரிக்க வராத செய்யுளை
யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு படிப்பது போல.
கிராஞ்ஸ்கா கோரா பின்னால் போனது.

வர்ஷிச் கணவாயில் வளைவுக்குப் பெயரில்லை, எண்தான்.
உச்சிவரை இருபத்து நான்கு.
அந்தப் பக்கம் இறங்க இன்னும் இருபத்தாறு,
அது வேறு நாளின் கணக்கு.
வளைவில் மட்டும் கருங்கல் பாவியிருக்கும்.
செப்டம்பர் காலையில் அது மீன் முதுகு.

முதல் மூன்றில் பயந்தேன்.
நான்கில் ஒரு டச்சுக் கேரவன்.
ஐந்தில் அதன் பின்னாலேயே.
ஆறு தாண்டி வெளியே வந்ததும்
இரண்டாம் கியரை, முள் சிவப்பைத் தொடும் மட்டும்,
கடைசிப் பருக்கைவரை,
தட்டில் மிச்சம் வைக்காமல்.
இத்தனை வருடத்தில் முதல் முறை
ஓர் எஞ்சினை முழுதாகச் சாப்பிட்டேன்.

எட்டருகே மரத்தாலான தேவாலயம்.
இந்தச் சாலையை ரஷ்யக் கைதிகள் வெட்டினார்கள்.
பனிச்சரிவு வந்து மூடியது.
அங்கே எல்லோரும் வேகம் குறைப்போம்.
ஏன் என்று பேசிக்கொள்வதில்லை.

பிறகு காற்று.
தடுக்க ஒன்றுமில்லை,
நேரே நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது.
பெரிய வண்டியில் நூற்றிருபது என்பது ஓர் எண்.
இதில் எண்பதே ஓர் ஆள்,
போதும் என்று சொல்லத் தெரிந்த ஆள்.

பதினொன்றில்
நான் திருப்பவில்லை.
திருப்ப நினைத்தேன், அவ்வளவுதான்.
பார்த்த பக்கம் போனது.
கூண்டில் என் விரல் அசைந்தால்
நாற்பது டன் அரை நொடி யோசிக்கும்.
இது யோசிக்கவில்லை.
ஹெல்மெட்டுக்குள் ஏதோ சத்தம் கேட்டது,
பார்த்தால் என் சிரிப்பு.
எனக்கு நாற்பத்தொன்பது வயது.

கோராஸ்ட் விட்ட இடத்திலேயே நின்றிருந்தான்.
கார் சாவி அவன் கையில் வெதுவெதுப்பாகியிருந்தது.
டேங்கில் ஜிப் உரசிய கீறலைக் காட்டி
இருநூறு யூரோ குறைக்கச் சொல்லலாம் என்று
இறங்கும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன்.
"எந்த வளைவில்?" என்றான்.
"பதினொன்று."
"எனக்கு ஒன்பது."
கீறலைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

பணத்தை இரண்டு முறை எண்ணினான்.
இரண்டு முறையும் வேறு வேறு தொகை வந்தது.
"சரியாகத்தான் இருக்கும், விடு,"
என்றாள் லிடியா ஜன்னலிலிருந்து.
கார் நாளைவரை இங்கேயே கிடக்கட்டும் என்றேன்.
தலையாட்டினான், கேட்டானா தெரியவில்லை.
எஞ்சின் ஆறிக்கொண்டிருந்தது, டிக், டிக் என்று.
அதன் பக்கத்தில் உள்ளங்கையை நீட்டினான்,
தொடாமல்,
அடுப்பில் குளிர்காய்பவன் போல.

எனக்கு ஆறு மணிக்கு ஷிஃப்ட்.
சாவியைத் திருகாமல் நின்றேன்.