மூன்றாம் வாசல், பெண்கள் வரிசை

ஆட்டம் தொடங்க நாற்பது நிமிடம்.
வரிசையில் அறுநூறு பெண்கள்,
தடவிப் பார்க்க மூன்று ஜோடிக் கைகள்.
வகுத்தால் ஆளுக்குப் பன்னிரண்டு வினாடி.
பிளவ்தீவின் நவம்பர்க் குளிரில்
மூக்கைத் துடைக்க ஒன்று போனால் பதினொன்று.

பதினொன்றுக்குள்
கோட்டு, அதற்குள் கம்பளி, அதற்குள் கழகச் சட்டை,
அதற்குள் ஓர் உடம்பு.
அது நெளிந்து சிரிக்கிறது:
"ஐயோ, கூசுதும்மா."

வாரநாட்களில் ஸ்னெஜானாவுக்கு
மருத்துவமனைச் சலவைக்கூடம்.
விரிப்பின் மடிப்பில் யாரோ மறந்த ஊசியை
துணி பிரியுமுன்பே கண்டுகொள்ளும் விரல்கள்.
துணி பொய் சொல்லாது என்பாள்.
துணிக்குள் ஆள் இருந்தால்தான் சிக்கல்.

தொட்டியில் இன்றைய வேட்டை:
லைட்டர் பதினேழு, குடை மூன்று,
பாதி தீர்ந்த வாசனைப் புட்டி ஒன்று
("கல்யாண நாளுக்குக் கொடுத்தது, பார்த்து வையுங்கள்").
காகிதப் பொட்டலத்தில் சூரியகாந்தி விதை.
அதை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.
கொறிக்காமல் இந்த ஊரில்
யாரும் தோற்றுப் பழகியதில்லை.

மடியில் கனமில்லை என்றால்
வழியில் பயமில்லை என்பார்கள்.
சொன்னவர் வாசலில் நின்றதில்லை போலும்.
இருமல் மிட்டாயும் பேருந்துச் சீட்டும் தவிர
வேறெதுவும் இல்லாத அந்தப் பள்ளி ஆசிரியைதான்
பைகளை வெளியே இழுத்துக் காட்டி நடுங்குகிறாள்.
கனமுள்ளவள்
கேட்குமுன்பே கைகளைத் தூக்கி
பனி விழுமா என்று விசாரிக்கிறாள்.

போன மாதம் அப்படித்தான் ஒருத்தி.
ஏழு மாத வயிறு, இடுப்பில் கை, பெருமூச்சு.
ஸ்னெஜானாவின் உள்ளங்கை வயிறுவரை போய்
வெட்கப்பட்டுத் திரும்பியது.
வயிறு பஞ்சு.
பஞ்சுக்குள் நீலப் பிளாஸ்டிக் துப்பாக்கி.
சோதிப்பவளைச் சோதிக்க வந்தவள்.
"மூன்றாம் வாசல்: தோல்வி" என்ற தாளை
மேற்பார்வையாளர் யோர்தானொவ்
காப்பி இயந்திரத்தின்மேல் ஒட்டினான்.
நாலு வாரமாக அதைப் படித்தபடியே
கோப்பை நிறையக் காத்திருக்கிறாள்.

இன்று இன்னொரு வயிறு.
இம்முறை இரண்டு கைகளையும் வைத்தாள், அழுத்தி.
உள்ளிருந்து ஓர் உதை.

"ஆயுதம் ஏதும் இல்லையே?" என்றாள் அந்தப் பெண், சிரிக்காமல்.
"இல்லை."
அன்று முழுக்க ஸ்னெஜானா
உறுதியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

முப்பத்தோராம் நிமிடம்
வடக்குக் காலரி பற்றிக்கொண்டது.
இருபது தீவட்டிகள், செம்புகை,
கோல்காவலன் சட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.
சோற்றில் மறைத்த பூசணிக்காய்!
வியாழக்கிழமையே வந்துவிட்டதாம்,
கோடு போடும் சுண்ணாம்பு மூட்டைகளோடு.
மூட்டைகளுக்கு வரிசை கிடையாது.

"நம்ம வாசல் வழியா இல்லை" என்றான் யோர்தானொவ்.
கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும்,
"நம்ம வாசல் வழியா இல்லை."

பிறகு எதற்கு நாம் என்று அவள் கேட்கவில்லை.
அடுத்த இருக்கைக்காரியையும்
யாரோ தொட்டுப் பார்த்துத்தான் விட்டிருக்கிறார்கள் என்ற நினைப்பில்
அறுநூறு பேர் தோள் உரச உட்கார்ந்திருக்கிறார்கள்.
வாசலில் நிற்பவர்கள் உள்ளே அனுப்பும் சரக்கு
அது ஒன்றுதான்.
அதற்குத் தடை இல்லை.
அதற்கு எடையும் இல்லை.

ஆட்டம் தோல்வி. கடைசிப் பேருந்து.
வீட்டுச் சாவிக்காகத் துழாவிய விரல்
உள்பையில் எதிலோ முட்டி நின்றது.
சலவைக்கூடத்துக் கத்தி.
மூட்டைக் கயிறு அறுப்பது, கட்டைவிரல் நீளம்.
வெள்ளிக்கிழமையிலிருந்து அங்கேயே இருந்திருக்கிறது.

மதியம் ஊழியர் வாசலில்
"முழங்கால் வலி தேவலையா?" என்று கேட்டு
உள்ளே விட்டார்கள்.

பக்கத்து இருக்கையில் கழகத் துண்டு சுற்றிய கிழவர்
"எடுத்துக்கொள்ளுங்கள்" என்று
காகிதப் பொட்டலத்தை நீட்டினார்.

கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டுவிட்டு
கையை விரித்தாள்.